ஒரு சட்டி நெருப்போடு பாலவாக்கம் வரை

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் புடவைப் பையில் குத்துகிற துண்டுச் சீட்டுதான்: பெயர், ஃபால்ஸா பிக்கோவா, என்றைக்கு வேண்டும். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் விமானம் ஏறிப்போய் மலையும் பனியும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்கள். நான் போனது மயிலாப்பூரிலிருந்து பாலவாக்கம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. வேறு வழி தோன்றாததால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் ஒரு புடவைக் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் நான் புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரத்துக்கு பிக்கோ தைக்கிறேன். வீடு சைதாப்பேட்டை. நான்கு வருடத்துக்கு முன்பு பத்மா அந்தச் சந்துக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நீளமான ஒரு கைத்தறித் துணியை நீட்டி, "ஓரம் அடிக்க வேண்டாம்கா. மிஷினே படக்கூடாது. நூலைக் கையால முடிச்சுப் போட்டுத் தரேளா?" என்று கேட்டார். ஏன் என்று யாரையும் கேட்கும் வழக்கம் எனக்கில்லை. போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது அவரே சொன்னார்.

அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் இருந்ததுபோல இருந்து பார்ப்பது அவர்கள் பொழுதுபோக்கு. பல்லவர் காலம். உடனே கிரீடமும் வாளும் நினைக்க வேண்டாம். அந்த ஆசை உள்ளவர்கள் வேறு குழுவாக இருக்கிறார்கள். இவர்கள் சாதாரண சனங்கள். உப்பும் மிளகும் துணியும் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்கிற கூட்டம். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் சாத்து என்று பெயராம். "ஒரு நாள் வந்து பாருங்கோ" என்றார். போனேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, நடக்கத்தான் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

விதிகள் நிறைய உண்டு. தைத்த துணி கூடாது. பிளாஸ்டிக் கூடாது. தையல்காரிக்கு ரவிக்கை இல்லாமல் தெருவில் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை. மேலுக்குப் போர்த்துகிற இரண்டாவது துணியைத் தோள் இரண்டையும் மூடிக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன். இப்போது குழுவில் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை கிடையாது. அதெல்லாம் பிற்பாடு கடல் தாண்டி வந்தவையாம். காப்பி, டீ கிடையாது. மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் பல்லவர் காலத்து ஆட்கள் பாதிப் பேர் மாநகரப் பேருந்தில் அடிபட்டுவிடுவோம். ஒரே ஒரு செல்போன், அவசரத்துக்கு, அணைத்துவைத்துப் பத்மாவின் மூட்டைக்குள்.

மூன்று நாள் நடை என்று வீட்டில் சொன்னபோது, பைண்டிங் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "பாலவாக்கத்துக்கு எதுக்கு மூணு நாளு? பஸ்ஸு ஓடலியா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளைக்குச் சாப்பாட்டை அவரே பார்த்துக்கொண்டார். அதற்கும் இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

இந்த நடை ஏற்பாடானதே கிர்ஸ்டனுக்காக. டென்மார்க்கிலிருந்து வந்த பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும், அங்கே பஸ் ஓட்டுகிறார். அவர்கள் ஊரிலும் இதே மாதிரிக் குழு உண்டு, அதே காலம். கடலோடிகள். பத்மாவுக்குக் கடிதப் பழக்கம். அவர் பேசியதைப் பத்மா தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

முதல் நாள் வியாழக்கிழமை. மயிலாப்பூரில் பத்மா வீட்டுப் பின்கட்டில் பதினொரு பேர் கூடினோம். முதல் வேலை நெருப்பு கடைவது. தீப்பெட்டி கூடாது. ஒரு கட்டையில் குழி, அதில் நிற்கும் ஒரு குச்சி, அதைச் சுற்றிய கயிறு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தயிர் கடைவதுபோல இழுக்க வேண்டும். அரணிக் கட்டை என்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புகை வரும், நின்றுவிடும்.

ராயப்பேட்டை ரஃபி பாய் கயிற்றை இழுத்து இழுத்து வேர்த்துவிட்டார். அவர் சோபாவுக்குக் குஷன் தைக்கிறவர். எங்கள் சாத்தில் கடல் தாண்டி வந்து மிளகு வாங்கும் வியாபாரி வேஷம் அவருக்கு. "டீச்சர், நம்ம தெருவுல பிரியாணிக்கு விறகடுப்பு எரிஞ்சுக்கினு கீது. ஒரு ஓட்டம் போய் ஒரு கொள்ளி எடுத்தாந்துடட்டா?" என்றார்.

"இழுங்கோ பாய்" என்றார் பத்மா.

"இழுக்கறேன். கை கயண்டு வந்தா ஒங்க ஆத்துலயே வச்சுக்கங்க."

கடைசியில் கட்டைக் குழியில் கருப்பாய் ஒரு பொடி சேர்ந்து, அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. தேங்காய் நாருக்குள் அதை வைத்து ஊதினோம். பற்றியது. கிர்ஸ்டன் கை தட்டினார். அவர் இடுப்புப் பையில் தீக்கல்லும் வளைந்த இரும்பும் வைத்திருந்தார். அவர்கள் ஊரில் அதுதானாம். நாலு தட்டில் பற்றிவிடும் என்றார். எங்கள் கட்டை தோற்றுவிடக் கூடாது என்று அதுவரை வெளியே எடுக்காமல் இருந்திருக்கிறார்.

அந்த நெருப்பைப் பத்மா ஒரு மண்சட்டியில் உமியும் வறட்டியும் போட்டு, அதற்கு நடுவில் வைத்து, உறியில் மாட்டி என் கையில் கொடுத்தார். "வசந்தாக்கா, இது உங்க பொறுப்பு. பாலவாக்கம் வரைக்கும் அணையப்படாது."

என்னிடம் ஏன் கொடுத்தார் என்று புரியவில்லை. போன இரண்டு நடையிலும் நெருப்பு முதல் நாளே அணைந்துபோயிருக்கிறது. தூக்கிவந்தவர்கள் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டார்கள். மீதி நாள் முழுக்க ஊறவைத்த அவல். இந்த முறை பாலவாக்கம் குப்பத்தில் சில குடும்பங்களுக்கு எங்கள் கையால் சமைத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தோம். கிர்ஸ்டனும் அவ்வளவு தூரத்திலிருந்து அவல் தின்ன வரவில்லை.

அணைந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் நெருப்பு அணைந்தால் இன்னொரு வீட்டில் போய்த் தணல் கேட்டு வாங்குவார்கள். அதுபோல நாமும் கேட்கலாம். ஆனால் சட்டியைத் தூக்குகிறவர்தான் கேட்க வேண்டும். காசு கொடுக்கக் கூடாது, இருக்கிற சரக்கைத்தான் கொடுக்கலாம். நாங்கள் ஒரு குழு, இது ஒரு நிகழ்ச்சி என்றெல்லாம் விளக்கக் கூடாது. வழிப்போக்கர் கேட்பதுபோலக் கேட்க வேண்டும்.

கேட்பது என்பது என்னால் முடியாத காரியம். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்காமல் இறங்கியிருக்கிறேன். அதனால் அணையவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மத்தியானத்துக்குமேல் கிளம்பினோம். தலையில் மூட்டை, வெறுங்கால் சிலருக்கு, தோல் செருப்பு சிலருக்கு. சிக்னலில் நின்றபோது ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு திரும்பியது. கிர்ஸ்டன் அந்த டிரைவரையே பார்த்தார். "இவரை எங்கள் ஊரில் ஒரே நாளில் வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள்" என்றாராம். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் இந்த இடுக்கில் என்னால் திருப்ப முடியாது" என்றாராம். ஒரு ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, ஷூட்டிங்கா? ஹீரோ எங்க?" என்றார். ரஃபி பாய் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். "அப்ப படம் ஓடாது" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் போய்விட்டார்.

நான் இதையெல்லாம் பாதிதான் கவனித்தேன். என் கவனம் சட்டியில். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் உமி சீக்கிரம் எரிந்துவிடும். அதனால் சட்டியின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். துணிக்கு இஸ்திரிச் சூடு பார்ப்பதுபோலத்தான். சூடு குறைந்தால் ஒரு துண்டு வறட்டி, இரண்டு ஊது.

அன்று பட்டினப்பாக்கத்தில் தேசப்பன் என்ற மீனவரின் மொட்டைமாடியில் தங்கினோம். மறுநாள் எங்களை ஆற்றைக் கடத்திவிடப் போகிறவர் அவர்தான். என் நெருப்பில் அடுப்பு மூட்டி, பச்சைப்பயறு போட்ட கஞ்சியும், புளியும் மிளகும் சேர்த்த வெள்ளைப்பூசணிக் குழம்பும் செய்தோம். என் வீட்டுச் சமையலில் மிளகு பொங்கலுக்கும் ரசத்துக்கும்தான். குழம்பு முழுக்க மிளகு என்றால் காரம் நாக்கில் இல்லை, தொண்டையில் ஏறுகிறது. நன்றாகத்தான் இருந்தது. தூங்கப்போகும்முன் சாம்பலால் நெருப்பை மூடினேன். விடிந்து சாம்பலை விலக்கினால் சிவப்பாக இருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அடையாறு கடலில் சேரும் இடத்தைக் கடக்க வேண்டும். பல்லவர் காலத்தில் பாலம் ஏது? பாலத்தில் நடக்கக் கூடாது என்பது பத்மாவின் கட்டளை. கட்டுமரத்தில் போவது என்று பேச்சு. அலை அடங்கட்டும் என்று தேசப்பன் மத்தியானம் வரை காக்கவைத்துவிட்டு, மூன்று மணிக்கு மோட்டார் வைத்த ஃபைபர் படகோடு வந்து நின்றார்.

"கட்டுமரம்னு சொன்னமே" என்றார் பத்மா.

"அது கெடக்குது டீச்சரம்மா. இதுல குந்துனா ரெண்டு நிமிசம். அதுல போனா துணியெல்லாம் நனையும்."

"நனையட்டும்."

தேசப்பன் ரஃபி பாயைப் பார்த்தார். "இன்னா பாய், இவங்க சொல்றது?"

"நைனா, நான் அரபு நாட்டுலேர்ந்து வந்தவன். எனக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது" என்றார் ரஃபி பாய்.

தேசப்பன் சிரித்துக்கொண்டே போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு, மணலில் கிடந்த கட்டுமரத்தைத் தள்ளிவந்தார். ஒரு தடவைக்கு இரண்டு பேராக ஏற்றிப் போனார்கள். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டியதுதான், இடுக்கெல்லாம் தண்ணீர் வரும். என் உயிரைவிடச் சட்டியைப் பற்றித்தான் பயம். ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்று சேற்று மண்ணை எடுத்து மூடியைச் சுற்றி இடுக்கில்லாமல் பூசினேன். தையல் பிரியாமல் இருக்க இரண்டு தடவை தைப்பதுபோல அதன்மேல் இன்னொரு தடவையும் பூசினேன்.

நானும் கிர்ஸ்டனும் சேர்ந்து போனோம். முழங்கால்வரை நனைந்தது. சட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு அலை வந்து இடுப்புவரை ஏறியது. கிர்ஸ்டன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தேசப்பன், "பயப்படாத தாயி, இந்தா ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெற்குக் கரையில் இறங்கியபோது சட்டியின் மேல் ஒரு துளி ஈரம் இல்லை.

எல்லாரும் கரை சேர்ந்து, துணி பிழிந்து, பெசன்ட் நகரில் ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர ஐந்து மணி ஆயிற்று. அங்கேதான் அன்று தங்கல். அடுப்புக் கல் வைத்தார்கள். அரிசி களைந்தார்கள். நான் மண்ணைப் பெயர்த்து மூடியைத் திறந்தேன்.

கருப்பாக இருந்தது. விரலால் தொட்டேன். சுடவில்லை. கிளறினேன், ஊதினேன். சாம்பல்தான் முகத்தில் பறந்தது. தண்ணீர் போகக் கூடாது என்று பூசியதில் காற்றும் போகவில்லை. நெருப்பு மூச்சுமுட்டிச் செத்துவிட்டது.

சட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ அக்கா" என்றார், மெதுவாக. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கிர்ஸ்டன் ஓடிவந்து தீக்கல்லை எடுத்துத் தட்டினார். பொறி நன்றாக வந்தது. ஆனால் பொறியைப் பிடிக்கிற பஞ்சு மாதிரி ஒன்று அவர் பையில் இருந்தது, அது அலையில் ஊறிப்போயிருந்தது. தேங்காய் நாரும் ஈரம். அரணிக் கட்டையோ சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி தட்டிவிட்டுக் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டுமரத்தைக் கேட்டது தப்பு என்று பத்மா தன்னைத்தானே நொந்துகொண்டார். ரஃபி பாய்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, அவலும் நல்லாத்தான் கீது. வெல்லம் போட்டா நான் மூணு தட்டு துண்ணுவேன்" என்றார்.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. களைந்துவைத்த அரிசி எதிரே இருந்தது. எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டேன். பத்மா மிளகில் ஒரு பிடி என் முந்தானையில் முடிந்துவிட்டார். விதிப்படி அவர் கூட வந்து பேச முடியாது. கிர்ஸ்டன் தானாகவே என்னோடு கிளம்பினார்.

முதலில் கடற்கரையில் சோளம் சுடுகிறவரிடம் போனேன். தள்ளுவண்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. எதிரே போய் நின்றேன். அவரே, "ரெண்டா?" என்றார்.

"கொஞ்சம் நெருப்பு."

"இன்னாது?"

"ஒரு தணல். இதுல."

என்னையும் சட்டியையும் கிர்ஸ்டனையும் பார்த்தார். "ரெண்டு கருது வாங்கு, தரேன். சும்மா குடுத்தா பீச்சு ஃபுல்லா வந்து நிப்பாங்க."

மக்காச்சோளமும் கடல் தாண்டி வந்ததுதான், எங்களுக்குக் கூடாது. காசும் கையில் இல்லை. முந்தானையை அவிழ்த்து மிளகைக் காட்டினேன். "சோளத்துக்கு மொளகாத்தூள்தாம்மா போடுவாங்க" என்றுவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். கிர்ஸ்டன் தெருவைக் கைகாட்டினார்.

தெருவில் ஒரு வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டு ஒரு அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை. தூபக்காலில் தணல் இருக்கும் என்று நினைத்துக் கேட்டுவிட்டேன். அவர் பதறிப்போனார். "வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சாச்சும்மா. இப்பப் போயி நெருப்பு குடுப்பாங்களா வீட்ட விட்டு? நீயும் பொம்பளதானே." கதவைச் சாத்தவில்லை, சாத்துவதுபோல நின்றார். எனக்கும் அது தெரியும். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு உப்புகூடக் கொடுக்கமாட்டோம். அவசரத்தில் மறந்துபோனேன். "மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் இஸ்திரி ஞாபகம் வந்தது. இரண்டு நாளாகச் சட்டியின் சூட்டை இஸ்திரிச் சூடு மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அடுத்த தெரு முனையில் ஒரு இஸ்திரி வண்டி இருந்தது. ஆனால் பெட்டியிலிருந்து ரப்பர் குழாய் தொங்கியது. "நாங்க கேஸுக்கு மாறி ஒரு வருசம் ஆச்சும்மா" என்றார் அந்த ஆள். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வண்டியை விட்டு இறங்கிவந்து வழி சொன்னார். "அந்தப் புங்கமரம் தாண்டி லெஃப்டு. அந்தம்மா இன்னும் கரிதான். மூட்டை கட்டிக்கினு இருக்கும், சீக்கிரம் போ."

ஓடினோம். கிர்ஸ்டன் என்னைவிட வேகம். மரத்தடியில் வண்டி. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியைத் தரையில் கொட்டி, தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஊத்தாதீங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சத்தமாக வந்தது.

அவர் சொம்போடு நின்றார். "இன்னாமே?"

"அந்த நெருப்பு எனக்கு வேணும்."

"கரியா?"

"நெருப்பு. அணைஞ்சு போச்சு. சமைக்கணும், பதினோரு பேர் இருக்காங்க."

"தீப்பெட்டி இல்லியா ஊட்ல?"

"தீப்பெட்டி கூடாது."

அவர் என் உடுப்பைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். "வேண்டுதலா?" என்றார். குரலில் மரியாதை வந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல. ஒரு வெளாட்டு."

"வெளாட்டா?"

"ஆமா."

"இந்த வயசுலயா?"

"ஆமா."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வண்டி ஆடுகிற மாதிரி சிரித்தார். கிர்ஸ்டனும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல். "இந்தம்மா யாரு?"

"டென்மார்க்கு. பஸ் ஓட்றவங்க."

"பொம்பளையா? பஸ்ஸா? சரிதான், நீங்கல்லாம் வெளாடுங்க." குந்தி உட்கார்ந்து, பழைய கரண்டி ஒன்றால் தணலைப் பொறுக்கிப் பொறுக்கி என் சட்டியில் போட்டார். வெந்துபோனதைத் தள்ளிவிட்டு நல்ல கங்காக எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை…" என்று இழுத்தேன். பிறகு யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாதே.

"இது இன்னா ஊடா? வண்டி. வண்டிக்கு ஏது வெள்ளி, செவ்வா?" என்றவர், நான் மூடியை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். "மூடாத. மூடித்தான சாவடிச்ச? அதுக்கும் மூச்சு வோணும்ல? அரைவாசி தொறந்து வச்சுக்கினு போ."

மூடி வைத்ததை நான் சொல்லவே இல்லை. சாம்பலைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மிளகை நீட்டினேன். நாலு மிளகு எடுத்து ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "நல்ல காரமாக்கீது. சளிக்கு ஆவும்" என்று மூன்றை முடிந்துகொண்டு மீதியை என் கையிலேயே மூடிவிட்டார்.

சட்டி திறந்திருந்ததால் கடற்காற்றில் தணல் சீறியது. தெருவில் போகும்போது கிர்ஸ்டன் தன் போர்வையை விரித்துக் காற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்துவந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் அம்மனுக்கு எடுக்கிற தீச்சட்டி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அவர்களைத் திருத்த நேரமில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். பத்மா சட்டிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கணக்கு டீச்சர். "காசு குடுக்கலியே? யாருன்னு விளக்கிச் சொல்லலியே?"

"வெளாட்டுன்னு சொல்லிட்டேன்."

பத்மா யோசித்தார். ரஃபி பாய், "டீச்சர், பசிக்குது. தீர்ப்ப துன்னுட்டு சொல்லுங்க" என்றார். அதோடு அது முடிந்தது. கிர்ஸ்டன் நீளமாக ஏதோ சொன்னார். பத்மா தமிழாக்கினார்: அவர்கள் ஊரில் நான்கு நாள் நெருப்பைக் காப்பாற்றியிருக்கிறார்களாம். ஆனால் யாரிடமும் போய்க் கேட்டதில்லையாம், கேட்க யாரும் இல்லாத காட்டில்தான் கூடுவார்களாம். ஊருக்குப் போய் இதைச் சொல்லப்போகிறாராம்.

மூன்றாம் நாள் திருவான்மியூர், கொட்டிவாக்கம் வழியாக மணலிலேயே நடந்தோம். சட்டியை அரைவாசி திறந்தே வைத்திருந்தேன். பதினொரு மணிக்குப் பாலவாக்கம். குப்பத்துப் பெண்கள் மீன் ஆய்ந்து கொடுத்தார்கள். இஸ்திரி வண்டித் தணலிலிருந்து மூன்று அடுப்பு மூட்டினோம். அரிசிச் சோறு, புளியும் மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட மீன்குழம்பு, மோர். முப்பது பேர் சாப்பிட்டார்கள். ஒரு அம்மா முதல் வாய் வைத்ததும், "ஆஸ்பத்திரி சோறு மாதிரி கீதே" என்றார். போய்த் தன் வீட்டு மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து எல்லார் இலையிலும் தூவிக்கொண்டு போனார். பத்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் இலைக்கும் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடைக்கு ஒரு நோட்டு உண்டு. அதில் பத்மா அன்று எழுதினார்: "நெருப்பு மயிலாப்பூரிலிருந்து ஆறு வரை. பெசன்ட் நகரிலிருந்து பாலவாக்கம் வரை இஸ்திரி வண்டி நெருப்பு. கேட்டு வாங்கியவர் வசந்தா." பிறகு என்னிடம் படித்துக் காட்டினார்.

பாத்திரம் ஏற்ற ரஃபி பாயின் லோடு ஆட்டோ வந்தது. நான் சட்டியைக் காலி செய்யாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வழியில் புங்கமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். பாலவாக்கம் வரை அணையவில்லை என்று அந்தம்மாவிடம் சொல்ல வேண்டும். வண்டி தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. சனிக்கிழமை சீக்கிரம் போய்விடுவார் என்றார் எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். அந்தம்மா பெயர் என்ன என்று கேட்டேன். "இஸ்திரிக்காரம்மா" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

வாட்ச்மேனாவது, அவர் துணி கொடுக்கிற வீட்டுக்காரர்களாவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். மூன்று அடுப்பு எரிந்தது. முப்பது பேர் சாப்பிட்டார்கள். அவர் சொன்னபடி மூடவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சட்டியைப் பார்த்தேன், அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, பத்தரைக்குக் கடைக்குப் போனேன்.